குழுச் சுற்றுலாவில் ஒன்சென் விடுதி: அந்த ஓர் இரவைத் தவிர்த்துவிடலாமா?

2024 அக்டோபர் 9, காலை. ஒரு வாசகரின் கேள்வி

அடுத்த மாதம் ஒரு சுற்றுலாக் குழுவோடு நானும் என் மனைவியும் ஜப்பான் செல்கிறோம். நிக்கோ என்ற ஆலய நகரைப் பார்க்கும் நாளின் இரவில் கினுகவா என்ற ஊரில் ஒன்சென் (வெந்நீரூற்று) விடுதியில் தங்கவைப்பதாகப் பயணத் திட்டத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தால் அது பல மாடிக் கான்கிரீட் கட்டடம். மரவீடும் சிறு தோட்டமும் உள்ள ரியோகன் என்ற மரபு விடுதியில் தங்கினால்தான் உண்மையான அனுபவம், பெரிய விடுதியில் குழுவோடு தங்குவது வெறும் போலி என்கிறார் நண்பர் ஒருவர். பொது இடத்தில் உடையின்றிக் குளிப்பதில் என் மனைவிக்குத் தயக்கமும் இருக்கிறது. அந்த இரவை மட்டும் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் டோக்கியோவிலேயே தங்கிக்கொள்ளலாமா?

2024 அக்டோபர் 9, இரவு. என் பதில்

விட்டுவிட வேண்டாம். நான் டோச்சிகி மாகாணத்தில் வேலை பார்க்கிறேன், கினுகவா எங்கள் மாகாணத்து ஊர். அலுவலகக் குழுவோடும், ஊரிலிருந்து வந்த உறவினர்களின் சுற்றுலாக் குழுவோடும் அங்கே தங்கியிருக்கிறேன். குழுவோடு தங்குவது போலி என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் கட்டடங்கள் குழுக்களுக்காகவே எழுந்தவை. போருக்குப் பின் பொருளாதாரம் வளர்ந்த ஆண்டுகளில் ஜப்பானிய நிறுவனங்கள் ஊழியர்கள் அனைவரையும் பேருந்தில் ஏற்றி, ஆண்டுக்கொரு முறை ஏதாவதொரு வெந்நீரூற்றுக்கு அழைத்துச் செல்வதை வழக்கமாக வைத்திருந்தன. விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களும் கடைத்தெருச் சங்கங்களும் அவ்வாறே சென்றன. 1964-இல் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஓடத் தொடங்கியதும் அதாமி என்ற வெந்நீரூற்று ஊர் நிரம்பி வழிந்தது. ஃபுஜி மலைப் பக்கம் செல்லும் குழுக்கள் இன்று தங்கும் இசாவாவில், 1961-இல் பழத்தோட்டங்களுக்கு நடுவே வெந்நீர் பீறிட்ட பிறகுதான் விடுதிகள் முளைத்தன. நூறு பேர் வரிசையாக அமர்ந்து உண்ணும் தத்தாமி (கோரைப்பாய்த் தரை) மண்டபத்தையும், ஐம்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கக்கூடிய குளியல் தொட்டியையும் யாரும் இரண்டு பேருக்காகக் கட்டவில்லை. விடுதி வாசலில் கறுப்புப் பலகைகளில் வெள்ளை எழுத்தில் அன்றைக்கு வரும் குழுக்களின் பெயர்களை வரிசையாக எழுதி வரவேற்கும் பழக்கம் இன்றும் பல இடங்களில் இருக்கிறது. உங்கள் குழுவின் பெயரும் அதில் இருக்கக்கூடும்.

உங்கள் இரவு நன்றாக அமையுமா என்பது பேருந்து எத்தனை மணிக்கு அந்த வாசலில் வந்து நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஐந்து மணிக்குள் என்றால் தயங்காமல் செல்லுங்கள். ஏழு மணிக்கு மேல் என்றால் முகவரிடம் பேசுங்கள். மரவீடா கான்கிரீட்டா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

2024 அக்டோபர் 10, காலை

வந்து சேரும் நேரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்சென் விடுதியில் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று, ஓர் இரவும் இரண்டு வேளை உணவும் சேர்த்து வாங்கப்படுகிறது. நாம் வாங்குவது வெறும் அறையை அன்று. பிற்பகல் மூன்று மணி முதல் மறுநாள் காலை வரை நீளும் ஓர் ஒழுங்கை வாங்குகிறோம், அந்த ஒழுங்கின் முதல் பாதி இரவு உணவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அறைக்குள் நுழைந்ததும் தாழ்ந்த மேசையின் மேல் தேநீர்ப் பாத்திரமும் உள்ளே பயறு விழுது வைத்த சிறு இனிப்பும் இருக்கும். வெறும் வயிற்றோடு சூடான நீரில் இறங்கினால் மயக்கம் வரக்கூடும் என்பதற்காகவே அந்த இனிப்பு வைக்கப்படுகிறது என்பார்கள். சன்னலோரம் ஒரு குறுகிய பலகைத் தளமும் இரண்டு நாற்காலிகளும் இருக்கும், கினுகவாவில் அங்கே அமர்ந்தால் கீழே ஆறு தெரியும். பிறகு யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கியை அணிந்துகொண்டு, அதுவும் இடப்பக்கம் மேலே வருமாறு அணிந்துகொண்டு (வலப்பக்கம் மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை), முதல் குளியலுக்குச் செல்ல வேண்டும். பயணக் களைப்பு நீங்கி, பசி எடுத்து, அதே யுகாதாவோடு உணவுக்குச் சென்று அமர்வதுதான் முறை.

உணவு ஆறு அல்லது ஆறரைக்குத் தொடங்கும். குழுவாக உண்ணும்போது ஒவ்வொருவர் முன்னும் உணவுத் தட்டு முன்கூட்டியே அடுக்கப்பட்டிருக்கும், அதன் மூலையில் ஒருவருக்கான சிறு சட்டி அடுப்பொன்று இருக்கும். பணிப்பெண் வந்து, அலுமினியத் தாளில் பொதிந்த நீல நிற எரிகட்டியைப் பற்றவைத்துவிட்டுப் போவார். அது பதினைந்து, இருபது நிமிடங்கள் எரிந்து தானாக அணையும். அது அணைகிற நேரத்தில் சட்டியில் உள்ள காளானும் முட்டைக்கோசும் பதமாக வெந்திருக்கும். நூறு சட்டிகளும் ஒரே நேரத்தில் வேகும்படி சமையலறை கணக்கிட்டு வைத்திருக்கும்போது, நாற்பது பேர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் என்ன ஆகும்? வறுத்தவை ஆறிப்போகும், பணிப்பெண்கள் இரட்டை வேலை செய்ய நேரும், வந்தவர்கள் குளிக்காமலே, வெளியே அணிந்திருந்த உடையோடு அவசரமாக உண்டு முடிப்பார்கள். அப்படி உண்டவர்கள்தான் ஊர் திரும்பி, ஒன்சென் விடுதி பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்கிறார்கள்.

2024 அக்டோபர் 10, இரவு

அடுத்த மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நவம்பர் முதல் பாதி என்றால் நிக்கோவின் இரோஹா மலைப்பாதையைப் பற்றி இப்போதே எச்சரிக்க வேண்டும். ஏறவும் இறங்கவும் தனித்தனி ஒருவழிப் பாதைகள், இரண்டிலும் சேர்த்து 48 வளைவுகள். இலைகள் சிவக்கும் பருவத்தில் சுசென்ஜி ஏரியையும் கெகோன் அருவியையும் பார்க்க வரும் வாகனங்கள் அங்கே மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். உறவினர் குழுவோடு நான் சென்ற நாளில், சுற்றுலா நிறுவனம் அருவியைப் பிற்பகலில் வைத்திருந்தது. மலை இறங்கவே இருட்டிவிட்டது. விடுதியில் எங்களுக்காகக் காத்திருந்த பணிப்பெண்கள் ஒரு சொல்லும் குறை கூறவில்லை, ஆனால் முதல் குளியல் என்ற ஒன்று எங்கள் யாருக்குமே கிடைக்கவில்லை.

நிக்கோவில் நீங்கள் பார்க்கப்போகும் தோஷோகு ஆலயம் நவம்பரிலிருந்து மார்ச் வரை மாலை நான்கு மணிக்கு மூடப்படுகிறது. அருவியைக் காலையிலும் ஆலயத்தைப் பிற்பகலிலும் வைத்துக்கொண்டால் ஐந்து மணிக்குள் கினுகவாவை அடைந்துவிடலாம். திட்டத்தில் வரிசை மாறியிருந்தால் முகவரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். கூடுதல் செலவில்லாத மாற்றம் இது.

2024 அக்டோபர் 12

கினுகவா இடிந்த விடுதிகள் நிறைந்த ஊர், அங்கே எதற்காகப் போக வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆற்றங்கரைப் பாறைகளின் மேல் கைவிடப்பட்ட கட்டடங்கள் நிற்பது உண்மைதான். அவை ஏன் அப்படி நிற்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த ஊரின் மேல் மதிப்புக் கூடும் என்று நம்புகிறேன்.

1691-இல் கண்டறியப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த ஊற்று, நிக்கோவின் துறவிகளுக்கும் அங்கே வழிபட வரும் பிரபுக்களுக்கும் மட்டும் உரியதாக இருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மெய்ஜி காலத்தில்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. டோக்கியோவின் அசாகுசாவிலிருந்து தோபு நிறுவனத்தின் விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்தில் அடையக்கூடிய ஊர் என்பதால் நிறுவனக் குழுக்கள் குவிந்தன. விடுதிகள் கடன் வாங்கி மாடிமேல் மாடியாகக் கட்டின. பிறகு 1990களில் பொருளாதாரம் சரிந்தது, நிறுவனப் பயணங்கள் குறைந்தன. அந்த விடுதிகள் பலவற்றுக்குக் கடன் கொடுத்திருந்த அஷிகாகா வங்கி 2003 நவம்பரில் நிலைகுலைந்து அரசின் கைக்குச் சென்றது. அதன் பிறகு பல விடுதிகள் மூடப்பட்டன. இடிக்கும் செலவை ஏற்க ஆளில்லாத கட்டடங்கள் அப்படியே நின்றுவிட்டன.

இதில் விடுதிகளின் பங்கும் உண்டு. வந்த குழு வெளியே போகவே தேவையில்லாதபடி நினைவுப்பொருள் கடையையும், மதுக்கூடத்தையும், பாட்டு அரங்கையும், விளையாட்டுக் கூடத்தையும் உள்ளேயே வைத்துக்கொண்டன. அதனால் தெருவில் இருந்த சிறு கடைகள் வாடின. ஹியோகோ மாகாணத்தின் கினோசாகியில் பொதுக் குளியலகங்களுக்கு யுகாதாவும் மரச்செருப்புமாக மக்கள் தெருவில் நடந்து செல்கிறார்கள். கியூஷூ தீவின் குரோகவாவில் 1986-லிருந்து ஒரு மரவில்லையை வாங்கி வெவ்வேறு விடுதிகளின் மூன்று திறந்தவெளித் தொட்டிகளில் குளிக்கலாம். அந்த ஊர்கள் தெருவைக் காப்பாற்றிக்கொண்டன. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள்: காலையில் அரை மணி நேரமாவது விடுதியை விட்டு வெளியே நடந்து, ரயில் நிலையத்தின் முன்னால் இருக்கும் கடைகளில் ஏதேனும் வாங்குங்கள். 2017-லிருந்து தோபு நிறுவனம் அங்கே நீராவி ரயிலை மறுபடி ஓட்டுகிறது. எழுந்து நிற்க அந்த ஊர் பெருமுயற்சி செய்துகொண்டிருக்கிறது.

2024 அக்டோபர் 13

உங்கள் மனைவியின் தயக்கத்தைப் பற்றி எழுதத் தாமதித்துவிட்டேன். அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியல் கூடங்கள்தான். நீலத் திரை ஆண்களுக்கு, சிவப்புத் திரை பெண்களுக்கு. பல விடுதிகளில் இரு கூடங்களும் வேறு வேறு அமைப்பில் இருக்கும் என்பதால், இரண்டையும் எல்லோரும் அனுபவிக்கட்டும் என்று இரவில் திரைகளை மாற்றிவிடுவார்கள். நேற்று இரவு போன கூடம் என்று காலையில் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்துவிடக் கூடாது.

என் பெரியம்மா வந்திருந்தபோது, கூடத்துக்கு வரவே மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. விடியற்காலையில் ஐந்து மணிக்கு, யாரும் இருக்க மாட்டார்கள், வாசல் வரை வந்து பாருங்கள் என்று மட்டும் அழைத்தேன். உள்ளே இரண்டு மூதாட்டிகள் இருந்தார்கள். ஒருவர் தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, கைக்குட்டையை விடச் சற்றே பெரிய துண்டால் கழுத்தையும் காதின் பின்புறத்தையும் அவசரமின்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்து முடித்ததும் அந்த முக்காலியையும் வாளியையும் நீர் ஊற்றிக் கழுவி, அடுத்து வருபவருக்காகக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். எங்களை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பெரியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இவ்வளவு சுத்தமாக இருக்கிறார்களே என்றார். பிறகு தாமாகவே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, உடை மாற்றும் அறையின் கூடையை எடுத்துக்கொண்டார்.

முறை எளியது. உடையெல்லாம் கூடையில் வைத்துவிட வேண்டும், நீச்சலுடைக்கு அனுமதி இல்லை. சிறு துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கலாம். முதலில் அமர்ந்து சோப்பிட்டுக் குளித்து, நுரை முழுவதும் போன பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். நீளமான கூந்தலை நீர் தொடாதபடி முடிந்துகொள்ள வேண்டும். துண்டை நீருக்குள் கொண்டு செல்லக் கூடாது. தொட்டிக்குள் அமர்ந்தால் கழுத்து வரை நீர் இருக்கும், திறந்தவெளித் தொட்டியில் நவம்பர்க் குளிருக்கு ஆவி அடர்ந்திருக்கும். நடக்கும் அந்தச் சில அடிகளுக்குத்தான் துணிவு வேண்டும்.

பெரிய தடை, தெரியாதவர்கள் அல்லர்; உடன் வந்த குழுவினர்தான். பேருந்தில் பகலெல்லாம் அருகில் அமர்ந்தவர்களோடு இரவில் அப்படி நிற்பது நம் பெண்கள் பலருக்குக் கடினமாக இருக்கிறது. குழு உணவுக்குச் செல்லும் முன்னும் பின்னும் கூடம் நெருக்கமாக இருக்கும். விடியற்காலையில் பெரும்பாலும் காலியாக இருக்கும். இதுவும் சரிவரவில்லை என்றால், முக்கால் மணி நேரத்துக்கு ஒரு குடும்பம் தாழிட்டுக்கொண்டு குளிக்கும் தனித்தொட்டிகள் பல விடுதிகளில் உண்டு, கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லலாம். தனிக் கட்டணம். தாமதமாக வரும் குழுக்களுக்கு அவற்றில் நேரம் மிஞ்சியிருக்காது, ஆகவே முன்பே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

2024 அக்டோபர் 13, பிற்பகல்

பச்சை குத்தியிருப்பவர்களை ஜப்பானியச் சட்டம் குளிக்க விடாது என்று வாசகர் ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு விடுதியும் தானே வைத்துக்கொள்ளும் விதி அது. ஜப்பான் சுற்றுலாத் துறை 2015-இல் எடுத்த கணக்கில், பதில் அனுப்பிய விடுதிகளில் பாதிக்கு மேற்பட்டவை மறுப்பதாகவே சொல்லின. சில விடுதிகள் ஒட்டுத்துணியால் மறைத்துக்கொண்டால் ஏற்கின்றன. குழுவில் யாருக்காவது கையில் பெயர் பச்சை குத்தியிருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், வாசலில் வைத்துப் பேசும் பேச்சாக அது ஆகிவிடக் கூடாது.

2024 அக்டோபர் 15

நேரம்தான் முக்கியம் என்று முதலில் எழுதினேன், அதில் மாற்றமில்லை. ஆனால் நீரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் பேச்சு முழுமை பெறாது.

1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்திலிருந்து வெளிவரும் இடத்தில் நீரின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ஒன்சென். அந்த வெப்பம் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்று போதிய அளவு இருந்தால் அதுவும் ஒன்சென். குளியலுக்கு ஏற்றது 40 முதல் 42 டிகிரி என்பதால் பல ஊற்றுகளின் நீரைச் சூடாக்க வேண்டியிருக்கிறது, சிலவற்றை ஆற்ற வேண்டியிருக்கிறது. குசாத்சு என்ற வெந்நீரூற்று ஊரில் கொதிக்கும் நீரை மரவாய்க்கால்களில் ஓடவிட்டு ஆற்றுகிறார்கள். பச்சைத் தண்ணீர் கலப்பதில்லை.

2004-இல் நகானோ மாகாணத்தின் ஷிராஹோனேயில், பால்போன்ற வெண்ணிறத்துக்காகத் தொட்டியில் பொடி கலந்தது வெளிவந்து நாடே கொதித்தது. அதைத் தொடர்ந்து 2005-லிருந்து, நீர் கலக்கிறோமா, சூடாக்குகிறோமா, வடிகட்டி மறுபடி சுழற்றுகிறோமா, கிருமிநாசினி இடுகிறோமா என்பதை விடுதிகள் எழுதி வைக்க வேண்டும் என்று விதி வந்தது. நீரின் பகுப்பாய்வுத் தாளோடு அந்த அறிவிப்பும் பெரும்பாலும் உடை மாற்றும் அறையில் மாட்டியிருக்கும். அங்கே கைப்பேசியை வெளியே எடுப்பது தவறு என்பதால் படமெடுத்து மொழிபெயர்க்க இயலாது, வரவேற்பு மேசையில் கேளுங்கள்.

ஊற்று நீர் தொட்டியில் விழுந்து வழிந்து ஓடுவதே உயர்ந்தது என்பார்கள். நானும் அதை விரும்புகிறேன். ஆனால் நாளுக்குப் பல நூறு பேர் இறங்கும் தொட்டியில் குளோரின் மணம் வந்தால் ஏமாற்று என்று முகம் சுளிக்காதீர்கள். 2002-இல் மியாசாகி மாகாணத்தின் ஹியூகாவில், புதிதாகத் திறந்த ஓர் ஒன்சென் குளியலகத்தில் லெஜியோனெல்லா கிருமி பரவி ஏழு பேர் இறந்தார்கள். 2023-இல் ஃபுகுவோகா மாகாணத்தில் ஒரு பழைய விடுதி, வாரம் ஒரு முறையாவது மாற்ற வேண்டிய நீரை ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் மாற்றி வந்தது வெளிவந்தது. மரவீட்டின் அழகு நீரின் தூய்மைக்குச் சான்றாகாது. முறையாகச் சுழற்றி, முறையாகக் கிருமி நீக்கி, அதை வெளிப்படையாக எழுதி வைக்கும் பெரிய விடுதியை நான் மதிக்கிறேன்.

2024 அக்டோபர் 16

சைவ உணவு பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. சூரை மீனை அவித்துப் புகையிட்டு உலர்த்தி, மெல்லிய சீவல்களாக்கி வேகவைத்து எடுக்கும் தாஷி என்ற சாறுதான் அங்கே அடிப்படை. நம் கடற்கரை ஊர்களில் தெரிந்த மாசிக்கருவாட்டுக்கு நெருங்கிய உறவு அது. மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பிலும், வேகவைத்த காய்கறியிலும், மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவுக்கான தொடுகுழம்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். கொம்பு என்ற கடற்பாசியில் மட்டும் சாறு எடுக்க முடியும், ஆனால் குழுவுக்கான சமையல் ஒரே அடுப்பில் ஆவதால் சில நாள்களுக்கு முன்பே சொன்னால்தான் செய்வார்கள். நிக்கோ பக்கத்தின் சிறப்பு யுபா, அதாவது சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடை. அதைக் கேட்டு வாங்குங்கள், அதையும் தாஷியில் வேகவைக்க வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

2024 அக்டோபர் 18

வயதானவர்களுக்காகச் சில சொற்கள். தத்தாமி அறையில் நான்கைந்து பேரைச் சேர்த்துத் தங்கவைப்பது குழுக் கட்டணத்தில் வழக்கம். நாம் உணவுக்குப் போயிருக்கும்போது மேசையை ஓரமாக்கிப் படுக்கைகளைத் தரையில் விரித்துவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கட்டிலுள்ள அறையும், உண்ணும் மண்டபத்தில் நாற்காலியும் வேண்டும் என்று முன்பே கேட்டால் கிடைக்கும். மது அருந்திய பின் குளிக்கக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் கைகால்களில் வெந்நீரை ஊற்றிப் பழக்கிக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அமிழாமல் இருப்பது நல்லது. வெள்ளிக் கொலுசைக் கழற்றிவிடுங்கள். கினுகவா நீர் மென்மையானதுதான், ஆனால் கந்தக ஊற்றுகளில் வெள்ளி கறுத்துவிடும்.

2024 அக்டோபர் 21

முகவர் ஆறேகால் மணிக்கு வந்து சேர்வோம் என்று பதில் அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது நடுத்தரமான நேரம். உணவை ஏழரைக்கு வைக்க முடியுமா என்று விடுதியிடம் கேட்கச் சொல்லுங்கள். பெரிய விடுதிகளில் இரண்டு முறைகளாகப் பரிமாறுவதுண்டு, பின்முறையில் இடம் கிடைத்தால் முதல் குளியல் உங்களுக்குத் தப்பாது. மறுநாள் புறப்பாட்டை எட்டிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளவும் கேளுங்கள். வழியில் கூடுதலாக ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி யாராவது குரல் எழுப்பினால் ஒத்துழைக்காதீர்கள். பேருந்து ஓட்டுநருக்கு இரு வேலைநாள்களுக்கு இடையே குறைந்தது ஒன்பது மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி கடுமையாகியிருக்கிறது, அதனால் மாலையில் இழக்கும் நேரத்தை மறுநாள் விடியலில் ஈடுகட்ட முடியாது.

கணக்கில் தலைக்கு 150 யென் என்று தனியாக ஒரு வரி காண்பது என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். அது நீராடல் வரி, உள்ளூர் நகராட்சிக்குச் செல்கிறது. சில முகவர்கள் அதைச் சுற்றுலாக் கட்டணத்தில் சேர்த்திருப்பார்கள், சிலர் விடுதியிலேயே செலுத்தச் சொல்வார்கள். எது என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொண்டு, சில்லறை யென் கையில் வைத்திருங்கள்.